வெள்ளிக்கிழமை மப்ளர்

திருவனந்தபுரத்தில் யாராவது மப்ளர் கட்டுவார்களா? அதுவும் ஏப்ரல் மாதத்தில்? ஐந்து வயது பிரஜின் கட்டியிருந்தான். பாவம், முகமெல்லாம் வியர்வை.

கட்டிவிட்டவர் அவன் அப்பா வேல்சாமி. தம்பானூரில் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர். வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் ஒரு மணி நேரம் லீவு கேட்டுக்கொண்டு கரமனையில் உள்ள வீட்டுக்கு ஓடி வருவார். அன்றுதான் அம்மா குவைத்திலிருந்து வீடியோவில் கூப்பிடுவாள். அங்கே ஒரு வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை.

மப்ளருக்குள் ஒளிந்திருந்தது பிரஜினின் தாடை. செவ்வாய்க்கிழமை ஊஞ்சலிலிருந்து விழுந்ததில் மூன்று தையல் போட்டிருந்தார்கள்.

"அம்மைக்கிட்ட மூச்சு விடப்படாது, கேட்டியா மக்களே?" என்றார் அப்பா மறுபடியும். "போன வருசம் உனக்குக் காய்ச்சல்னு சொன்னதுக்கு அவ ரெண்டு நாள் சாப்பிடலை."

பத்து வயது அனுஷா தலையாட்டினாள். ஆனால் மனம் ஒப்பவில்லை. விழுந்த நாளிலிருந்து தம்பி, "அம்மாகிட்ட காட்டணும்" என்று ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான். சோறு இறங்கவில்லை. நேற்று அக்காவின் காதருகே வந்து, "அம்மாவுக்கு என்மேல கோபமா? அதான் சொல்லக் கூடாதா?" என்று கேட்டான். அனுஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன ஆனாலும் சரி, சொல்லியே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

போன் அடித்தது. திரையில் அம்மா செண்பகவல்லி சிரித்தாள்.

"என்னடா மப்ளரு?"

"குளிருதாம்" என்றார் அப்பா அவசரமாக. தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"கரமனையில குளிரா?"

அப்பா திட்டுவார். அம்மா அழுவாள். இருந்தாலும் அனுஷா மப்ளரை அவிழ்த்துவிட்டாள்.

"அனுஷா!"

"இவன் அம்மாகிட்ட அழணும்னு மூணு நாளா காத்துக்கிட்டு இருக்கான்ப்பா."

அம்மா இடக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்தது. ஆனாலும் குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "எப்படி விழுந்தே? ஒண்ணு விடாம சொல்லு" என்றாள்.

பிரஜின் சொன்னான். ஊஞ்சல், ஊசி, நர்ஸ் கொடுத்த மிட்டாய், எல்லாவற்றையும் சொன்னான். நடுவில் ஆசைதீர அழுதான். அம்மாவும் அழுதாள்.

"பயப்படாம தையல் போட்டுக்கிட்டியே, என் ராசா!"

"கொஞ்சம் பயந்தேன்" என்று திருத்தினான் பிரஜின்.

கண்ணைத் துடைக்கவும் அம்மா இடக்கையைத்தான் தூக்கினாள். அனுஷாவா விடுவாள்?

"அம்மா, இன்னொரு கையக் காட்டு."

"ஒண்ணுமில்லட்டீ."

"காட்டும்மா."

வலக்கையில் பெரிய கட்டு. கொதிக்கும் எண்ணெய் தெறித்ததாம், பத்து நாளாகிறதாம். அப்பாவுக்கே தெரியாது. பிரஜின் போனை வாயருகே இழுத்து, கட்டின்மேல் ஊது ஊதென்று ஊதினான். அம்மா அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள்.

அனுஷா திரும்பினாள். "இப்ப நீங்க சொல்லுங்கப்பா."

"எனக்கு என்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்."

மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேல்சாமி தொண்டையைச் செருமினார். சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"மனசு உன்னைத் தேடுது, செண்பகம். தினமும் தேடுது" என்றார்.

அனுஷா போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இன்னும் சொல்லுங்கப்பா."