தட்டிவிட்டு ஓர் அடி பின்னால்

நாற்பத்தொன்றாவது ஜாம்பி, கதவே இல்லாத ஒரு சுவரைத் தட்டுகிறதாம். பகல் ஒன்றே முக்கால் மணிக்கு இப்படி ஒரு புகார் வந்து திரையில் விழுந்தபோது, எழுதியது யார் என்று பார்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. இந்த அலுவலகத்தில் இந்த மாதிரி சொத்தைக் காரணத்துக்கெல்லாம் புகார் எழுத ஒரே ஒரு ஜென்மம்தான் உண்டு. மூன்று மாதமாக அவர்கள் தயாரிக்கும் கணினி விளையாட்டைச் சோதித்துப் பார்க்கிற பெண். அவளுக்கு அவன் வைத்த பெயர் நச்சு.

அவனுக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு, அவனுக்குத் தெரியாது. மூடி. குழுவின் தலைவன் என்ற முறையில் எல்லாப் புகாரும் அவனிடம்தான் வரும்; எல்லாவற்றையும் படிக்காமலே மூடிவிடுவான். ‘இது பிழை அல்ல, அமைப்பே அப்படித்தான்’ என்பதுதான் அவன் பதில். அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்யவும் சோம்பல்பட்டு, அதை ஒரே விசையில் அடக்கி வைத்திருந்தான்.

விளையாட்டும் அப்படியொன்றும் புதிதில்லை. ஒரு மாய ராஜ்யத்தில் கொள்ளைநோய் வருகிறது, செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், வாளும் மந்திரக்கோலுமாக நாயகன் விடியும்வரை உயிர் பிழைக்க வேண்டும். ஆடப் போகிறவர்களை அவன் மனிதராக மதித்ததில்லை. “பொத்தானைக் கொத்தத் தெரிஞ்ச கோழிங்க” என்பான். ஆனால் அந்த ஜாம்பிகளின் நடையைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தினார்கள். இடது கால் டக்கென்று ஊன்றும். வலது கால் சர்ர்ரென்று தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வரும். தலை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். யார் இந்த நடிகர் என்று முதலாளி கேட்டதற்கு, “தெரிஞ்சவர் ஒருத்தர்” என்று சொல்லிச் சமாளித்தான்.

தெரிந்தவர்தான். அவனைப் பெற்ற அப்பா. முப்பத்திரண்டு வருடம் தபால்காரராக ஊரையே நடந்து தீர்த்த மனிதரை ஒன்பது மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் சாய்த்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கூடத்தில் கேமரா வைத்தான். அதில் அவரைப் பார்த்ததைவிட அவர் நடையைத் திருடியதுதான் அதிகம். படத்தில் இருக்கும் ஆளின் அசைவை அப்படியே பொம்மைக்கு ஏற்றும் மென்பொருள் ஒன்று உண்டு. சோதனைக்காக ஒரு வாரம், நாற்பத்தொன்றாவது ஜாம்பியை நேராக அந்தக் கேமராவோடு கோத்து வைத்திருந்தான். அங்கே அவர் கையைத் தூக்கினால் இங்கே அது கையைத் தூக்கும். பிறகு அந்த இணைப்பை எடுத்துவிட்டான். எடுத்துவிட்டதாகத்தான் ஞாபகம்.

இன்று அவரைக் கவனிக்கும் நர்சம்மா விடுப்பு. அவள் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். “நாலு மணி நேரம்தானே, பொணம் மாதிரி உக்காந்துதானே இருக்கப்போறார், போயிட்டு வாங்க” என்று அவனே பெருந்தன்மையாக அனுப்பி வைத்தான். போன மாதம் அவர் வெளியே போய் மூன்று தெரு தள்ளி யார் வீட்டு வாசலிலோ நின்றதிலிருந்து கதவை வெளியே பூட்டுவது வழக்கமாகிவிட்டது. இன்றும் பூட்டினான். சாவி சட்டைப் பையில் இருந்தது.

சோதனை அறைக்குப் போனான். திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி தொங்கவிட்ட அறை அது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் ஒரு மங்கல். சூடேறிய இயந்திரங்களின் நெடியும், துவைக்காத துணியின் வாடையும், ஏசியிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீரின் சத்தமும் சேர்ந்து அந்த அறைக்கு ஒரு நோயாளியின் அறைக் களையைக் கொடுத்திருந்தன. நச்சு எழுந்து நின்றாள்.

“ரெண்டு வாரமா அது ஒண்ணுமில்லாத இடத்துல உக்காந்தே இருந்துச்சு சார். எழுதினேன். மூடிட்டீங்க.”

“செத்தவன் எங்க உக்காந்தா உனக்கென்னம்மா?”

“இன்னிக்கு எந்திரிச்சிடுச்சு சார். நீங்களே பாருங்க.”

திரையில் ஓர் இடிந்த மண்டபம். மற்ற ஜாம்பிகள் கும்பலாக நாயகனை மோப்பம் பிடித்துக்கொண்டிருக்க, நாற்பத்தொன்று மட்டும் ஒரு மூலையில் தனியாக நின்றது. முழங்கால் உயரத்தில் காற்றைத் துழாவியது. எதையோ எடுத்தது. வாயருகே கொண்டுபோய்ச் சாய்த்தது. இன்னும் சாய்த்தது. பிறகு அந்த இல்லாத பொருளைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாக, சத்தம் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் கீழே வைத்தது.

காலையில் வீட்டில், அப்பா பக்கத்து முக்காலியில் இருந்த தண்ணீர்க் கூஜாவை நிரப்பத்தான் எடுத்தான். பாதி வழியில் முதலாளியின் போன் வந்தது. பேசிக்கொண்டே திரும்பி வந்து கூஜாவை முக்காலியில் வைத்தான். நிரப்பினானா?

“இப்ப பாருங்க சார்” என்றாள் நச்சு.

டக். சர்ர்ர். டக். சர்ர்ர். அது மண்டபத்தைக் கடந்து வெறும் சுவருக்கு முன்னால் போய் நின்றது. இடது கையைத் தூக்கியது. இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு தட்டு. தட்டிவிட்டு, தேய்கிற காலை இழுத்துக்கொண்டு, ஓர் அடி பின்னால் வந்து நின்றது.

 சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் அப்பாவின் சைக்கிளில் உட்கார்ந்து போனபோது, எத்தனை வாசலில் இதைப் பார்த்திருக்கிறான். “தட்டிட்டு ஓர் அடி பின்னால வந்து நிக்கணும்டா. திறக்கிறவங்க நம்ம மூஞ்சியை அவ்வளவு கிட்டத்துல பார்த்துப் பயந்துடக் கூடாது” என்பார். ஊரான் வீட்டு வாசலில் பணிவாக நிற்கும் அப்பாவைப் பார்த்து அன்றைக்கே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நிமிடமே எழுந்து ஓடியிருக்க வேண்டும். சாவி பையில் இருக்கிறது, வீடு இருபது நிமிடத் தூரம், தாகத்தில் ஒரு மனிதர் கதவைத் தட்டுகிறார். ஆனால் ஓடினால் இவள் ஏன் என்று கேட்பாள். யாருடைய நடை என்பது வெளியே வரும். அதைவிட, நச்சுவிடம் ஒரு புகாரில் தோற்றதாக ஆகிவிடும். இதையெல்லாம் யோசித்துவிட்டு அவன் சிரித்தான்.

“குடு இங்க.”

“என்ன பண்றீங்க சார்? அது யாரையும் ஒண்ணும் பண்ணலையே. பாவமா இருக்கு.”

“பொம்மையைப் பார்த்துப் பாவமா? உன்னை வேலைக்கு எடுத்தவனைச் சொல்லணும்.”

கன்ட்ரோலரை வாங்கி, நாயகனை அதன் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அது மறுபடி கையைத் தூக்கிய நேரம் பார்த்து வாளை வீசினான். இடது கை தோளோடு கழன்று தரையில் விழுந்தது. நாற்பத்தொன்று விழுந்தது. ஆனால் விளையாட்டில் அவன் செய்து வைத்த விழும் விதம் இது இல்லை. ஜாம்பிகள் மண்டியிட்டு முகம் குப்புற விழும். இது முதுகைச் சுவரில் சாய்த்து, வழுக்கி, ஒரு வயதானவர் உட்கார முயல்வது போல உட்கார்ந்து, பக்கவாட்டில் சரிந்தது. கையில்லாத தோள் தரையில் அசைந்தது. இரண்டு தரம். கொஞ்சம் இடைவெளி. இன்னொரு தரம்.

பிறகு அசையவில்லை.

“தலையை வெட்டினாத்தானே சார் சாகணும்?” நச்சுவின் குரல் உள்ளே போயிருந்தது. “நீங்க கையைத்தானே வெட்டினீங்க?”

அவன் அந்த ஒற்றை விசையை அழுத்தினான். இது பிழை அல்ல, அமைப்பே அப்படித்தான். புகார் மூடிக்கொண்டது.

தன் இடத்துக்குத் திரும்பி முதலில் நாற்பத்தொன்றாவது ஜாம்பியின் கோப்பைத் திறந்தான். இணைப்பு இருந்தது. கோத்த நாளிலிருந்து தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து போனில் கேமராவைத் திறந்தான். கூடம். முக்காலி. காலிக் கூஜா. வாசல் கதவின் அடியில், முதுகு சுவரோரமாகச் சரிந்து, அப்பா கிடந்தார்.

இதையும் சொல்லிவிட வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் அவன் மறுபடி உட்கார்ந்து அந்த இணைப்பை அழித்தான். யாரும் பார்த்துவிடக் கூடாதல்லவா? அழித்துவிட்டு, அழிந்ததா என்று இரண்டு தரம் சரிபார்த்தான். படியிறங்கும்போது கணக்காக யோசித்தான். அசைவு அங்கிருந்துதான் இங்கே வரும். இங்கிருந்து அங்கே எதுவும் போகாது. ஆகவே தன் வெட்டுக்கும் அவர் விழுந்ததற்கும் சம்பந்தமில்லை. அப்பா தரையில் கிடக்கிறார். தன் மேல் குற்றமில்லை என்று பிள்ளை தனக்குத்தானே நிரூபித்துக்கொண்டு படியிறங்கினான்.

வாடகைக் காரில் ஏறியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு, கதவருகே போய்க் குரல் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்தது.  அழுகை வந்தது, அது உண்மையான அழுகைதான், அதில் சந்தேகமில்லை. சிக்னலில் நின்றபோது நச்சு கூப்பிட்டாள்.

“சார், அது எந்திரிச்சிடுச்சு.”

“எந்திரிச்சிட்டாரா?” அவன் கத்தியதில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “நல்லா இருக்காரா? நடக்கிறாரா?”

“யாரு சார்?”

அவன் வாயை மூடிக்கொண்டான்.  எழுந்துவிட்டார். உயிரோடு இருக்கிறார். இனிமேல் கூஜாவை மறக்க மாட்டான், பூட்ட மாட்டான், பக்கத்திலேயே இருப்பான்.

“நடக்குது சார். ஆனா காலைத் தேய்க்கல. நம்மள மாதிரி நேரா நடக்குது. சுவரைத் தட்டுது, வலது கையால.”

வலது கை. ஒன்பது மாதமாகத் தூக்காத கை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இணைப்பை அழித்துவிட்டான். இரண்டு தரம் சரிபார்த்தான்.

போனில் கேமராவைத் திறந்தான். அப்பா அதே இடத்தில் கிடந்தார். அதே சாய்வு. கண் திறந்திருந்தது. ஓர் ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது. அவர் அதை விரட்டவில்லை. அது உதட்டின் மேலேயே நடந்து, மூக்குவரை போய், திரும்பி வந்தது.

போன் அதிர்ந்தது. தையல்காரர்.

“தம்பி, பதறாதே. அப்பா எந்திரிச்சிட்டார். நான் கூப்பிட்டதும் உள்ளேருந்து தட்டுறாரு. வந்த ஆம்புலன்ஸையும் தேவையில்லன்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். நீ பொறுமையா வா.”

அவன் பேச்சைத் துண்டித்துவிட்டு மறுபடி கேமராவைத் திறந்தான். 

கார் நின்றது. தெருவில் வெள்ளை வெயில். யாரோ துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் கழுத்தில் அளவுநாடாவோடு படியில் நின்று சிரித்தார். அவர்கள் வீட்டு வாசல் கதவின் மேல்பாதி சொரசொரப்பான கண்ணாடி. உள்ளே இருப்பது நிழலாகத்தான் தெரியும்.

நிழல் தெரிந்தது.

அவன் கையில் போன் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. படத்தில் கதவடியில் அப்பா. அவர் பக்கத்தில் யாரும் இல்லை. கதவை ஒட்டி நிற்பவர் யாரும் இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்தது. வலது கை. இரண்டு தட்டு.

இடைவெளி.

இன்னொரு தட்டு.

தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. இடது பக்கம் சட்டைக்கை தொங்கியது. தட்டையாக. உள்ளே எதுவும் இல்லாமல்.

“என்ன தம்பி பார்த்துக்கிட்டே நிக்கிறே? திற. பாவம், எவ்வளவு நேரமா தட்டுறாரு.”

அவன் கை பைக்குப் போகவில்லை.  தையல்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அவன் பையிலிருந்து தானே சாவியை எடுத்தார். துளையில் நுழைத்தார். திருப்பினார்.

பூட்டு கழன்ற சத்தம் கேட்டதும் உள்ளே ஒரு கால் எடுத்து வைக்கும் ஓசை. தேய்க்காமல். சுத்தமாக. கதவைத் திறக்கிறவர்கள் பயந்துவிடக் கூடாது என்று, அது ஓர் அடி பின்னால் போய் நின்றது.