அறுபத்திரண்டு சதவீத அமலநாதன்

சிகாமணி வாயைத் திறந்தால் தொலைபேசி வாயை மூடிக்கொள்ளும்.

"அப்பா, பேசுங்கப்பா! உதடு அசையுது, ஒண்ணும் கேக்கல!" என்று நோர்வேயிலிருந்து மகள் செவ்வந்தி திரையில் கத்துவாள். எட்டு மாதக் கர்ப்பிணி, தலைப்பிரசவம், தாயில்லாத பெண். எழுதி அனுப்பினால், "எழுத்து யாருக்குப்பா வேணும்? உங்க குரலக் கேட்டாத்தான் எனக்குத் தைரியம் வரும்" என்று அழுவாள். நேரில் போகலாமென்றால், இதய நோய்க்காரர் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எல்லாம் குரல்காவலன் செய்த வேலை. கள்ளக்குரலில் பேசி ஏமாற்றும் கும்பல்கள் பெருத்துப்போனதால், சென்ற பொங்கலிலிருந்து எல்லா மைக்கிலும் எல்லாத் தொலைபேசியிலும் அந்தச் சில்லு கட்டாயம். பதிவான குரல் ஒன்றோடு அறுபது சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகிற எதுவும், சொந்தக்காரர் அனுமதி இல்லாவிட்டால், போலி. அந்த நொடியே ஒலி அறுந்துவிடும். நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றது?

சிகாமணியின் பிழைப்போ போலியில் ஓடியது. மறைந்த திரைப்பாடகர் 'தேன்குரல்' அமலநாதனின் பாட்டுகளை நாற்பது ஆண்டுகள் திருவிழா மேடைகளில் பாடியவர் அவர். 'திண்டுக்கல் அமலன்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். பாடிப் பாடி, பேச்சும் இருமலும்கூட அமலநாதனாகவே ஆகிப்போனது. அமலநாதன் இறந்ததும் வாரிசுகள் நிறுவனம் தொடங்கி, அவருடைய குரல்நிழலைப் பதிவு செய்தார்கள். எதைக் கொடுத்தாலும் அவர் குரலில் பாடும், பேசும் பொறி அது. செத்தவர் இப்போது மாதம் நாற்பது புதுப்பாட்டு பாடுகிறார், கல்யாண வாசலில் 'வாங்க வாங்க' என்கிறார், டவுன் பஸ்ஸில் நிறுத்தம் சொல்கிறார். உயிரோடிருக்கிற சிகாமணி ஊமை.

மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். நான்கே சொல்லில் காவலன் பிடித்துவிட்டது. கீச்சுக்குரலில் பேசியபோது விட்டது. ஆனால் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று செவ்வந்தி அன்று முழுக்க அழுதாள். வேறு வழியில்லாமல் சென்னைக்கு, அந்த நிறுவனத்துக்கே போனார்.

"மேடம், எனக்கு மேடையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எம்மகட்ட மட்டும் பேச விடுங்க."

உரிமை அதிகாரி ஹெப்சிபா நல்ல பெண். "சோதனை பண்ணித்தான் அனுமதி தரணும் சார். ஒரு பல்லவி பாடுங்க" என்றாள்.

பாடினார். திரையில் எண்கள் வந்தன. குரல்நிழலோடு சிகாமணி தொண்ணூற்றொன்பது சதவீதம். முறைப்படி அமலநாதனின் பழைய இசைத்தட்டையும் அதே குரல்நிழலோடு ஒப்பிட ஓட்டினாள். அறுபத்திரண்டு.

குரல்நிழலின் கோப்பைத் திறந்து பார்த்தாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பழைய தட்டுகளில் ஒரே கீறல், பின்னணியில் ஐம்பது வயலின். அதனால் பொறியாளர்கள், 'அமலநாதன் கச்சேரி' என்ற பெயரில் ரசிகர்கள் இணையத்தில் ஏற்றியிருந்த சுத்தமான பதிவுகளை அள்ளிப்போட்டுக் குரல்நிழலை வளர்த்திருக்கிறார்கள். எல்லாம் நாற்பது வயதுச் சிகாமணி பாடியவை.

"அடியாத்தீ! அப்ப பஸ்ஸுல பேசுறது நானா?" சிகாமணி எழுந்தே நின்றுவிட்டார்.

"உக்காருங்க சார். உங்களுக்கு அனுமதி குடுத்தாலும் சரி, நீங்க புகார் குடுத்தாலும் சரி, இந்த எண் அரசாங்கத்துக்குப் போகும். போனா அந்தக் குரல் உங்க பேருக்கு மாறிடும்."

"மாறட்டுமே தாயி!"

"ஒரு குரலுக்கு ஒரு சொந்தக்காரர்தான். அமலநாதன் சார் அறுபத்திரண்டு, அறுபதுக்கு மேல. அப்ப அவர்தான் போலி. அவர் பாடின மூவாயிரம் பாட்டும் அன்னைக்கே அடங்கிடும்."

"நான் அனுமதி குடுத்துர்றேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

"போலி பண்றவரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் சார். அதான் சட்டம்."

சிகாமணிக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் யாரைப் போலி என்கிறார்கள் என்று உறைத்தது. சோறு போட்ட குரல். அம்மா செத்த வீட்டிலும், கல்யாணத்தன்றும், செவ்வந்தி பிறந்தன்றும் கேட்ட குரல். அந்த மனிதர் வாயை நானா அடைப்பது? செத்தாலும் மாட்டேன் என்று நினைத்தார். மகளின் முகமும் கூடவே வந்து நின்றது. பாவம், எந்தப் பக்கம் போவார்?

"இன்னொரு வழி இருக்கு" என்றாள் ஹெப்சிபா, தாழ்ந்த குரலில். "இந்தச் சோதனைய அழிச்சிடுறேன். நீங்களும் வெளிய சொல்லக்கூடாது. உங்களுக்கு வாடிக்கையாளர் உரிமை தர்றோம். நீங்க தட்டச்சு பண்ணுங்க, குரல்நிழல் மகள்கிட்ட பேசும். யார் குரல் அது? உங்க குரல்தானே?"

கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

மறுநாள் காலை, படம் தெரியாமல் குரல் மட்டும் போகும்படி செவ்வந்தியை அழைத்து, ஒற்றை விரலால் தட்டினார். 'செவ்வந்தி, அப்பா பேசுறேன்மா.'

குரல்நிழல் அதைச் சொன்னது. செவ்வந்தி ஓவென்று அழுதாள். "அப்பா! உடம்பு தேறிடுச்சாப்பா? பொங்கலுக்குப் பேசுனப்ப குரல் நடுங்குச்சு, நான் பயந்தே போயிட்டேன். இதுதான்ப்பா உங்க குரல்! இனிமே எப்பவும் இப்படியே பேசுங்கப்பா."

சிகாமணி தன்னை மறந்து, "என்னப் பெத்த ஆத்தா!" என்று கதறினார். தொலைபேசி கப்பென்று அடைத்துக்கொண்டது.

"கட்டாகுதுப்பா. போன்ல வாயை வைக்காமத் தள்ளி உக்காருங்க, அப்பத்தான் நல்லாக் கேக்குது."

வாயை மூடிக்கொண்டார். கண் மறைத்ததில் எழுத்துத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு தட்டினார். 'அழுகையா வருது தாயி.'

குரல்நிழல் அதைத் தேனாகச் சொன்னது, ஒரு பிசிறு இல்லாமல்.

செவ்வந்தி சிரித்தாள். "போங்கப்பா, உங்களுக்கு எப்பவும் கிண்டல்தான்."