பூங்காப் பக்கத்துப் படலை

பேய் இருட்டில்தான் வரும் என்று எவன் சொன்னானோ, அவன் மன்னாரில் ஆவணி மாதத்து மத்தியானத்தைக் கண்டிருக்கமாட்டான்.

நாங்கள் அந்த வீட்டுக்குச் சாமான்களோடு வந்து இறங்கியதும் ஒரு மத்தியானம்தான். நானும் என் மனுசன் பஸ்ரியனும், ஒரு அலுமாரி, இரண்டு கதிரை, ஒரு மாதா சொரூபம், என் தையல் மெசின். பிள்ளைகுட்டி எங்களுக்கு இல்லை. சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் மடு அகதி முகாமில் தறப்பாள் கொட்டிலில், பிறகு கடல் கடந்து மண்டபம் முகாமில், திரும்பி வந்து பேசாலையில் பஸ்ரியனின் அண்ணன் வீட்டுப் பின்பத்தியில் என்று, அடுத்தவன் கூரைக்குக் கீழேயே என் வயது போய்விட்டது. மச்சாள் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் அவள் சட்டி கழுவுகிற சத்தத்திலேயே "இன்னும் எவ்வளவு காலம் எடித்?" என்ற கேள்வி எனக்குக் கேட்கும். அதனால்தான் இருந்த ஒரே வள்ளத்தையும் விற்று இந்த வீட்டை வாங்கினோம். பஸ்ரியன் இனி அடுத்தவன் வள்ளத்தில்தான் கடலுக்குப் போகவேண்டும். போகட்டும் என்றேன். கூரை எங்களுடையது.

பட்டினத்தின் ஓரத்தில் பழைய ஓட்டு வீடு. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் பொதுப் பூங்கா. பெரிய பெருக்கமரம் ஒன்று, துருப்பிடித்த ஊஞ்சல், மர நிழலில் படுத்துக் கிடக்கும் கழுதைகள். பின்னேரத்தில் பிள்ளைகள் வந்து சத்தம் போடும். மத்தியானத்தில் ஒரு குஞ்சு குருமான் இராது. எங்கள் வளவில் ஒரு கிணறு, அதுவும் நல்ல தண்ணீர்க் கிணறு. உப்புத் தண்ணீரில் சோறாக்கிப் பழகிய ஊரில் அது கிடைப்பதற்குப் புண்ணியம் செய்திருக்கவேண்டும்.

பின்மதிலில் ஒரு சின்ன இரும்புப் படலை இருந்தது. பூங்காவிலிருந்து நேரே கிணற்றுக்கு வரலாம். நான் செய்த முதல் வேலை, கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்து அதைப் பூட்டியதுதான். ஆட்கள் நடந்து பழகினால் நாளைக்கு அது பாதையாகிவிடும். பாதையாகிவிட்டால் வழக்கு. வேலிக்கும் பாதைக்கும் எங்கள் சனம் ஏறாத கோட்டுப் படியா? இவ்வளவு பாடுபட்டு வாங்கிய காணியில் ஒரு அடியும் ஒருவருக்கும் விடுவதாக இல்லை.

மறுநாள் மத்தியானம் காற்று நின்றது.

சோளகம் அடிக்கிற காலத்தில் இந்தத் தீவில் காற்று நிற்பதில்லை. அன்று நின்றது. பனையோலையின் சத்தம் இல்லை, காகத்தின் சத்தம் இல்லை. பஸ்ரியன் கடலால் வந்து உள்ளே நித்திரை. நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மீன் வாடையையும் மீறி, சுட்ட மண்ணில் தண்ணீர் பட்டதுபோல ஒரு மணம் வந்தது.

பிறகு அந்தச் சத்தம்.

டங். டங். டங்.

தகரப் பேணியால் இரும்பில் தட்டுகிற சத்தம். அவசரமில்லாமல், ஆனால் விடாமல். பூங்காவுக்கு வந்த பெடியள் விளையாடுகிறார்கள் என்று நினைத்து, கத்தியும் கையுமாகப் போய் மதிலுக்கு மேலால் எட்டி நாலு பேச்சுக் கொடுக்கப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மர நிழலில் கிடந்த கழுதைகள் மட்டும் எழுந்து, வெயிலுக்குள் தூரப் போய், எங்கள் படலையையே பார்த்துக்கொண்டு நின்றன. பூட்டைத் தொட்டேன். அந்த வெயிலில் கை பொசுங்கவேண்டிய இரும்பு, ஐஸ்கட்டிபோலக் குளிர்ந்திருந்தது. திரும்பிக் குசினிக்கு வந்தால், விடிய நிரப்பி வைத்த குடம் காய்ந்து கிடந்தது. அடியில் ஈரம்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் தட்டியது. பஸ்ரியன் முதலில் சிரித்தான். ஒருநாள் சத்தம் கேட்டுத் தானே போய்ப் பார்த்தவன், முகம் வெளிறித் திரும்பி வந்து கதிரையில் விழுந்தான். படலைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அதற்குள்ளால் ஒரு சின்னப் பிள்ளையின் கை உள்ளே நீண்டிருந்ததாம். உள்ளங்கை மேலே பார்த்தபடி. குழிந்து. காத்துக்கொண்டு.

"கேக்கிற கையடி அது," என்றான் மெல்லிய குரலில். "எடித், எங்களுக்கு இந்த வீடு வேண்டாம். அண்ணாவிட்டயே போவம்."

எனக்கு அடக்கமுடியாத கோபம் வந்தது. பயமும் வந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கோபம்தான் முன்னுக்கு நின்றது. ஷெல்லுக்கு ஓடினோம், ஆமிக்கு ஓடினோம், கடலுக்குள்ளால் ஓடினோம். இனி ஒரு பேணிச் சத்தத்துக்கும் ஓடுவதா? சுவாமியாரைக் கூப்பிட்டு வீடு மந்திரித்தோம். அவர் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன மறுநாள், படலை முழுவதும் ஆடுகிற அளவுக்குத் தட்டு விழுந்தது.

பக்கத்து வீட்டுச் செலீனா அக்காவிடம் போனேன். அவ அந்த மதிலோரத்திலேயே பிறந்து வளர்ந்த மனுசி. கொஞ்ச நேரம் மழுப்பிப் பார்த்தா, பிறகு சொன்னா. இடம்பெயர்ந்த காலத்தில் பூங்கா முழுக்கச் சனமாம். எல்லோரும் இந்தப் படலையால் வந்துதான் தண்ணீர் அள்ளினார்களாம். கிணறு வற்றிவிடும் என்று பயந்து அப்போதிருந்த வீட்டுக்காரன் படலையைப் பூட்டிவிட்டான். ஒரு மத்தியானம், காய்ச்சல்காரப் பெடியனைக் கொண்டுவந்து படலையில் சாய்த்துவிட்டு, ஒரு தாய் பேணியால் தட்டினாளாம். பொழுது சாயும்வரை தட்டினாளாம். பெடியனை அங்கேயிருந்து பிணமாகத்தான் தூக்கி எடுத்தார்கள். தாயைப் பிறகு ஒருவரும் காணவில்லை. அந்த வீட்டுக்காரனும் அவனுக்குப் பிறகு வாங்கியவர்களும் படலையைப் பூட்டிவிட்டு இருக்கப் பார்த்து, ஒவ்வொருவராக எழும்பிப் போனார்களாம்.

"நாங்கள் வாங்கேக்க ஏன் அக்கா வாய் திறக்கேல்லை?"

"விக்கிற வீட்டுக்கும் கட்டுற பெட்டைக்கும் குறை சொல்லப்படாது பிள்ளை."

நல்லாய்த் திட்டிவிட்டு வந்தேன். வழியில் பழைய நினைவு ஒன்று வந்தது. மடுவில் ஒருநாள் நானும் வெறும் வாளியோடு பூட்டின படலைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். உள்ளே கப்பி சுற்றுகிற சத்தம் கேட்டது. ஒருவரும் திறக்கவில்லை. அந்தத் தாகத்தை இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும்.

அடுத்த நாள் தட்டுக் கேட்டதும் பூட்டின் திறப்பை எடுத்தேன். பஸ்ரியன் வந்து வழியை மறித்தான்.

"திறக்காதை. உள்ள வந்தா பிறகு போகாதுகள்."

"தள்ளி நில்லுங்கோ," என்றேன்.

காற்று நின்றிருந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. நான் கிட்டப் போகப் போக, தட்டு மெல்ல மெல்லக் குறைந்தது.

நின்றது.

படலைக்கு அந்தப் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"இஞ்ச கேளுங்கோ," என்றேன். "தண்ணிக்கு வந்தவையை நான் மறிக்கமாட்டன். எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ, அள்ளுங்கோ. ஆனா என்னைக் கலைக்கலாம் எண்டு மட்டும் நினையாதேங்கோ. இந்த வீட்டை விட்டு நான் அசையமாட்டன்."

பூட்டைக் கழற்றிக் கிணற்றுக்குள் எறிந்தேன். படலையைத் திறந்தேன்.

ஒருவரும் இல்லை.

பிறகு மணலில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பெரிய காலடி ஒரு சோடி, அதையொட்டிச் சின்னது ஒரு சோடி. என்னைத் தாண்டிப் போகும்போது என் சீலைத் தலைப்பு ஆடியது. கப்பி கிறீச்சிட்டுச் சுற்றியது. வாளி நிறைந்து மேலே வந்தது. குடிக்கிற சத்தம் கேட்டது, பல வருடத் தாகத்தை ஒரே மூச்சில் குடிக்கிற சத்தம். நான் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

திரும்பிப் போகும்போது காலடிகள் ஈரமாயிருந்தன. பூங்காவுக்குள் போய், பெருக்கமரத்தடியில் மறைந்தன. கழுதைகள் ஒவ்வொன்றாக வந்து நிழலில் படுத்தன. காற்றும் வந்தது.

பஸ்ரியன் என் தோளைத் தொட்டான்.

"எடித்," என்றான் காதுக்குள். "போனது ஒரு சோடிதான்."

திரும்பிப் பார்த்தேன். சின்ன ஈரக் காலடிகள் கிணற்றடியிலிருந்து எங்கள் குசினிப் படியில் ஏறி, உள்ளே போயிருந்தன.

அன்று பின்னேரம் முழுவதும் பஸ்ரியன் முற்றத்தில் நின்றான், உள்ளே வரமாட்டேன் என்று. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இந்த வீட்டிலிருந்து நானும் போகமாட்டேன், இனி யாரையும் கலைக்கவும் மாட்டேன் என்று சொன்னேன். இரவுச் சாப்பாட்டுக்கு நான் மூன்று சோற்றுக் கோப்பை வைத்தேன்.

வருடங்கள் போய்விட்டன. பின்படலைக்கு இன்றைக்கும் பூட்டில்லை. பூங்காவுக்கு வருகிற பிள்ளைகள் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். பாதையாகிவிடும் என்று செலீனா அக்கா எச்சரிக்கிறா. ஆகட்டும்.

போன கிழமை கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். உல்லாசப் பயணிகள் விடுதி கட்ட இடம் தேடுகிறாராம். பூங்காவுக்குப் பக்கத்து வீடென்றால் எவ்வளவும் கொடுப்பாராம். நான் வாசலுக்கு வரமுதலே மனுசன் திரும்பிப் போக ஆயத்தமாகிவிட்டார்.

"ஏன், என்ன விசயமா வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"வீடு வாங்கிற விசயமாத்தான் வந்தனான் அம்மா," என்றார். "ஆனா இதில நிண்ட உங்கட மகன் சொல்லிப்போட்டார், அம்மா இதை விக்கமாட்டாவாம்."

அவர் காட்டிய இடத்தில் வாசற்படி நனைந்திருந்தது.