பக்கத்து வட்டம்

தூத்துக்குடியிலிருந்து காலை ஏழரைக்குப் புறப்படும் கடல் ரயில் நடுக்கடல் சந்திப்பில் நின்றதும், இறங்குகிற கூட்டம் அப்படியே பனிக்கூடத்தைப் பார்த்துத்தான் நடக்கும். தீவுகளுக்குப் போகும் அடுத்த வண்டிக்குப் பதினெட்டு நிமிடம் இருக்கும். சுற்றிலும் தண்ணீர். போக வேறு இடமும் கிடையாது. பவளப் பண்ணையில் அளவெடுக்கும் வேலை பார்க்கும் ஜெசிந்தாவும் ஆறு வருடமாக அந்தக் கூட்டத்தோடு நடந்து வருகிறாள்.

பனிக்கூடம் என்பது பொதுக் கழிப்பறைதான். அப்படிச் சொன்னால் இப்போது யாருக்கும் புரியாது. கதவு இல்லை, சுவர் இல்லை. பெரிய கூடம், அது முழுக்க வெண்பனி, தரையில் மங்கலாக ஒளிரும் அறுபது வட்டங்கள். காலியாக இருக்கும் வட்டத்தில் கால் வைத்தால் போதும். தரையிலிருந்து நுண்திவலைகள் கிளம்பி ஆளைச் சுற்றிச் சுவராகக் கட்டிக்கொள்ளும். பீடம் மேலே வரும், தண்ணீர் வரும், வெந்நீர் கேட்டால் அதுவும் வரும். கடல் வெளிச்சம் பனிக்குள் புகுந்து பால் நிறமாகிவிடும். தன் முழங்காலே தனக்குப் பாதிதான் தெரியும். வேலை முடிந்த பிறகும் பலர் வெளியே வர மனமில்லாமல் அங்கேயே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். ஜெசிந்தாவும் அந்தக் கூட்டம்தான்.

உள்ளே போகும்போது கனைக்க வேண்டும். வட்டத்தில் ஏற்கெனவே யாராவது இருந்தால், "ஆள் இருக்கு" என்று பதில் வரும். வந்த குரல் ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்ல முடியாது. குரல்சமனி என்று ஒன்று எல்லாக் குரலையும் ஒரே குரலாக்கிவிடும். கட்டைக் குரலும் இல்லை, கீச்சுக் குரலும் இல்லை, தூக்கத்தில் கேட்பதுபோல ஒன்று. உள்ளே வருபவர் யார் என்று கூடம் கேட்கக் கூடாது, எதையும் பதிந்துவைக்கக் கூடாது. இது சட்டம். உள்ளே ஒருவரையொருவர் யார் என்று கேட்கக் கூடாது, அண்ணாச்சி, அக்கா என்று முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது. இது சட்டத்தில் இல்லை, ஆனால் சட்டத்தைவிடக் கறாரான நாகரிகம். இரண்டு கதவுகளின் முன் நின்று எதற்குள் போவது என்று தினமும் கூசிப்போனவர்கள் போராடி, நாற்பது வருடத்துக்கு முன்னால் வாங்கிய ஏற்பாடு இது.

ஜெசிந்தாவுக்குப் பதினோராம் வட்டம். பன்னிரண்டில் ஒரு பக்கத்தாள் இருந்தது.

முறை சொல்ல முடியாதபோது மனிதர்கள் சும்மாவா இருப்பார்கள்? 'பக்கத்தாளே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு காலையில் ஜெசிந்தா பனிக்குள் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டிலிருந்து அந்தத் தூக்கக் குரல், "பக்கத்தாளே, தலைவலித் தைலம் இருக்கு, வேணுமா?" என்று கேட்டது. அழுகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத் தொடங்கிய பேச்சு.

அப்போதுதான் புற்றுநோய்க்கு அவளுடைய ஒரு மார்பை எடுத்திருந்தார்கள். கணவன் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. தழும்பைக் கண்ணாடியில் பார்க்கப் பயந்து துண்டைப் போர்த்திக்கொண்டு குளித்ததை அவள் தாயிடம்கூடச் சொன்னதில்லை. பக்கத்தாளிடம் சொன்னாள், மார்பு என்று சொல்லக் கூசி 'நெஞ்சுல ஆப்பரேஷன்' என்று மட்டும். பக்கத்தாள் ஆறுதல் சொல்லவில்லை. "நாளைக்குத் துண்டைத் தோளு வரைக்கும் எறக்குங்க. அவ்வளவு போதும். மிச்சத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றது. ஒரு மாதத்தில் துண்டு கொடியிலேயே கிடந்தது.

பக்கத்தாளுக்கும் பாரம் இருந்தது. "எங்க வீட்ல இதயம் சரியில்ல" என்று ஒரு நாள் சொன்னது. நோயாளியைக் குளிப்பாட்டுவது, தலை வாருவது, விரல் நகம் வெட்டுவது, அப்போது வரும் கோபம், கோபத்துக்குப் பிறகு வரும் வெட்கம் எல்லாம் சொல்லும். பிள்ளை கிடையாது. "நான் கத்திப்புட்டேன் பக்கத்தாளே. சோறு சிந்துனதுக்குப் போயி கத்திப்புட்டேன்." ஜெசிந்தாவும் தன் கணவனின் கடைசி மாதத்தில் அப்படிக் கத்தியவள்தான். இது யாராக இருக்கும் என்று அவள் ஒருபோதும் யோசிக்கவில்லை. புருஷனை வைத்துப் பார்த்துக்கொள்கிற, தன் வயதொத்த ஒருத்தி. யோசிக்க என்ன இருக்கிறது?

இப்படி இருக்கும்போதுதான் வாக்கெடுப்பு வந்தது. பனிக்கூடத்தைப் பழையபடி ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகப் பிரிக்கலாமா என்று நகரம் முழுக்க ஒரே சண்டை.

ஜெசிந்தா பிரிக்கத்தான் வாக்களித்தாள். அவளுக்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. மகள் டெல்மாவுக்குப் பதினைந்து வயது. நாலு மாதத்துக்கு முன்னால், பள்ளிக்குப் போகிற வழியில் இருக்கும் பனிக்கூடத்தில், அவள் இருந்த வட்டத்துக்கு வெளியே யாரோ வந்து நின்றார்கள். கனைக்கவில்லை. தொடவும் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. பிறகு காலடி நகர்ந்து போயிற்று. யார் என்று யாரிடம் கேட்பது? கூடம்தான் எதையும் பதிந்துவைப்பதில்லையே. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் மாலைவரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தாள்.

"ஏட்டி, எல்லாரும் அப்படியா இருப்பாவ?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"எல்லாரும் இல்லம்மா. ஆனா யாருன்னு தெரியலல்லா" என்றாள் டெல்மா.

முடிவு வந்தது. பிரிப்பதற்கே அதிக வாக்கு. கடைசிப் பனி நாளான சனிக்கிழமை காலை, பதினொன்றிலிருந்து ஜெசிந்தா மெதுவாகக் கேட்டாள்.

"பக்கத்தாளே, நீங்க எதுக்குப் போட்டிய?"

"பிரிக்கத்தான். நீங்க?"

"நானும் அதுக்குத்தான்." அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

"நம்ம ஆளுங்க மட்டும் இருந்தா இன்னும் கொஞ்சம் மனசு விட்டுப் பேசலாம் பாருங்க. எப்படியும் நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான" என்றது பக்கத்தாள்.

"பின்ன? முகத்தையும் பாத்துக்கிடலாம்."

இருவரும் சிரித்தார்கள். சமனியில் சிரிப்பும் ஒரே மாதிரிதான் கேட்கும். பிறகு பக்கத்தாள் சொன்னது: "ஆஸ்பத்திரியில புது இதய வால்வு வளந்துட்டாம். புதன்கிழமை வைக்காவ. வியாழக்கிழமை காலைல மொதல்ல உங்ககிட்டதான் வந்து சொல்லுவேன். வேற யாரு இருக்கா எனக்கு?"

திங்கட்கிழமை இரண்டு கதவு முளைத்திருந்தது. நடுவில் சுவர். எந்தக் கதவும் ஒத்துவராதவர்களுக்கென்று ஓரத்தில் ஒற்றை வட்டம் ஒன்றை விட்டுவைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்து வட்டம் என்று எதுவும் இல்லை. அதன் முன் நீள வரிசை. வரிசையில் நின்றவர்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெண்கள் பக்கம் கலகலவென்று இருந்தது. பனி இல்லை, தாழ்ப்பாள் போட்ட அறைகள், நீளக் கண்ணாடி. ஒருத்தி இன்னொருத்திக்குப் பின்னல் போட்டுவிட்டாள். பள்ளிப் பிள்ளைகள் முகம் கழுவித் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டார்கள். அன்று மாலை டெல்மா வீட்டுக்கு வந்ததும், "அம்மா, நான் ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சேன்" என்றாள், பரிசு வாங்கி வந்தவள்போல. ஜெசிந்தா அவளைக் கட்டிக்கொண்டாள். வாக்கு வீண்போகவில்லை.

ஆனால் பதினோராம் அறையில் உட்கார்ந்து அவள் கனைத்தபோது பன்னிரண்டிலிருந்து பதில் இல்லை. "பக்கத்தாளே" என்று கூப்பிட்டாள். "யாருக்கா? என்னையா?" என்று ஓர் இளம்பெண் தன் சொந்தக் குரலில் கேட்டாள். ஜெசிந்தாவுக்குக் கூச்சமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருப்பாள், லீவு போட்டிருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டாள். வியாழக்கிழமை வந்தது. யாரும் வந்து சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. கண்ணாடி முன் நிற்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கூடத்தைப் பராமரிக்கும் பாக்கியத்தாய் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தாள். "யாரைத் தேடுதிய? பக்கத்தாளையா?"

"ஆமாக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாதிப் பேரு இப்படித்தான் தேடிக்கிட்டு நிக்காவ. அந்தப் பக்கமும் இதே கதைதானாம்." பாக்கியத்தாய் சுவரைப் பார்த்துத் தாடையை அசைத்தாள். "இந்தப் பக்கம் இல்லன்னா அந்தப் பக்கம்தான் இருக்கும். போட்டது போட்டாச்சு, இனி தேடி என்ன செய்ய?"

ஜெசிந்தா சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கமா? துண்டு, தழும்பு எல்லாமே ஓர் ஆணிடமா சொன்னோம்? அவமானத்தில் அன்று முழுக்க அவள் எடுத்த பவள அளவுகள் எல்லாம் தப்பு. மறுநாளும் வெட்கம் அப்படியே இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் வேறொன்று கிடந்து அவளைக் குடைந்தது. வால்வு பொருந்தியதா இல்லையா? அந்த மனிதர் யாரிடம் சொன்னார்? சொல்ல யார் இருக்கிறார்கள்?

திங்கட்கிழமை அவள் ஆண்கள் கதவுக்கு எதிரே போய் நின்றுகொண்டாள். வெளியே வரும் ஒவ்வொருவரிடமும், "புதன்கிழமை நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"எந்தப் புதன்கிழமைம்மா?" என்றார் ஒருவர். "தண்ணி லைன் வேலையா? அது இன்னும் முடியலயே" என்றார் இன்னொருவர். ஒரு பையன் பயந்து ஓடியேவிட்டான். நல்ல குடும்பத்துப் பெண்மாதிரி இருக்கிறாளே, பாவம் என்று சிலர் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரத்தில் அவளுக்குப் 'புதன்கிழமையக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சிலர் தாங்களாகவே, "நமக்கு எல்லாம் சுகம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெசிந்தா சிரித்தாள். நிற்பதை மட்டும் நிறுத்தவில்லை.

நான்காவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஒருவர் வெளியே வந்தார். இஸ்திரி போடாத சட்டை. மழித்திருந்த மீசையும் தலைமுடியும் இப்போதுதான் மீண்டும் முளைத்துக்கொண்டிருந்தன. அவள் கேட்ட கேள்வி காதில் விழுந்ததும் நின்றுவிட்டார்.

"புதன்கிழமையா?" என்றார். கட்டையான, கொஞ்சம் கரகரப்பான குரல். அவள் முன்பின் கேட்டிராத குரல்.

அவருடைய பார்வை ஒரு நொடி அவள் மார்புப் பக்கம் போய், சுட்டுக்கொண்டதுபோலத் தரைக்கு இறங்கியது. கெட்ட பார்வை அல்ல. தழும்பு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற பார்வை. அதை வைத்துத்தான் அவளுக்கு உறுதியாயிற்று. ஆனாலும் கை தானாகப் போய்த் துப்பட்டாவை இழுத்துவிட்டது. தன் கையைத் தானே அடிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அவர் அதைக் கவனித்துவிட்டார். முகம் சிவந்து, இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"நீங்களாம்மா?" என்றார். "மன்னிச்சிருங்க. எனக்குத் தெரியாது. நான் என்னவெல்லாமோ பேசிட்டேன்."

"நானும்தான் பேசுனேன், சார்."

அம்மா என்றும் சார் என்றும் சொல்லிக்கொண்டாயிற்று. கூட்டம் அவர்களை ஒதுக்கிக்கொண்டு போயிற்று.

"வீட்ல எப்படி இருக்காவ?" ஜெசிந்தா கேட்டுவிட்டாள்.

அவர் அவளுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்காவம்மா" என்றார். முகம் தெரியாத பெண்களிடம் எல்லாரும் சொல்கிற மரியாதையான பதில். சொல்லிவிட்டு, வந்து நின்ற வண்டியில் ஏறிக்கொண்டார்.

அது வடக்குத் தீவுகளுக்குப் போகிற வண்டி. அவளுடைய பண்ணை தெற்கே இருந்தது. ஜெசிந்தா அந்த வண்டியிலேயே ஏறினாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அதே இருக்கையில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு அவளும் உட்கார்ந்தாள். அவர் திரும்பவில்லை. அவளும் எதிரே இருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கடலும் வானமும் ஒரே வெளுப்பாக இருந்தன. இரண்டு நிறுத்தங்கள் போயின.

மூன்றாவது நிறுத்தத்தில் வண்டி நின்றபோது அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "பொய் சொன்னேன்" என்றார்.

"தெரியும்."

"வால்வு பொருந்திட்டு. ரத்தம்தான் நிக்கல. மறுநாளு காலைல அங்க வந்தேன். ஆஸ்பத்திரியில இருந்து நேரா வந்தேன். உள்ள நின்னு கூப்பிட்டுப் பாத்தேன். எல்லாரும் என்னண்ணாச்சி, என்னண்ணாச்சின்னு ஓடி வந்தானுவ. நல்ல பயலுவதான். அவனுவகிட்ட எனக்குச் சொல்லத் தோணலம்மா."

அந்த வியாழக்கிழமை காலையில், அதே நேரத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் தான் கனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. அவர் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள். "கடைசி நிறுத்தம் வரைக்கும் நேரம் இருக்கு."

நடுவில் இருந்த இடம் அப்படியே இருந்தது. அவரும் நகரவில்லை, அவளும் நகரவில்லை. வண்டி கிளம்பியது. அவர் மனைவியின் பெயரை முதல்முறையாக அவளிடம் சொல்லிவிட்டு, புதன்கிழமை விடிந்ததிலிருந்து தொடங்கினார்.