எட்டு டம்ளர் குடித்தார்

டயர்க் கடைக்குப் பின்னால் போகும் தெருவின் கடைசியில் இருந்தது அந்த முதியோர் இல்லம். பள்ளி வேன் ஓட்டும் அவள், காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டதும் வண்டியை மர நிழலில் நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்க்க மாடியேறினாள். அவரைச் சேர்த்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு, விடியுமுன்பே வேலைக்குக் கிளம்புகிறவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

நடைபாதை முழுக்கப் பினாயில் வாடை. அதற்கடியில், வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தது போல வறண்ட ஒரு வாடை.

அப்பாவின் உதடுகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. தண்ணீர் டம்ளர் ஜன்னலோர மேசையில், கட்டிலிலிருந்து நாலு எட்டு தள்ளி இருந்தது. காலி டம்ளர். கட்டில் கம்பியில் தொங்கிய அட்டையில் 'பத்து மணி, ஒரு டம்ளர் குடித்தார்' என்று எழுதியிருந்தது. நேற்றைய கட்டத்தில், 'எட்டு டம்ளர் குடித்தார்'.

அவள் டம்ளரை நிரப்பி வாயருகே பிடித்தாள். மூச்சு விடாமல் நாலு டம்ளர் குடித்தார்.

கீழே அலுவலக அறையில் மேற்பார்வையாளர் அம்மா அவள் புகாரைக் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

"சொல்லிடறேம்மா."

மறுநாளும் அதே வெடித்த உதடு, அதே காலி டம்ளர். "சொல்லிடறேம்மா." அதற்கு மறுநாள், "அதான் சொல்லிட்டேனே." நாலாம் நாள் அவளே மேசையை இழுத்து, அப்பாவின் நல்ல கைக்கு எட்டுகிற மாதிரி போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் போனால், மேசை பழையபடி ஜன்னலோரத்தில் நின்றது.

அவள் பணிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். "யாரு நகர்த்தினது?"

"அக்கா, முப்பது பேருக்கு நாங்க ரெண்டு பேரு. ஊட்டிவிடவே நேரம் பத்தல. இதுல மேசைய யாருக்கா நகர்த்துவா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறைக்குத் திரும்பி அப்பாவிடம் குனிந்தாள். "நீங்க தண்ணி குடிச்சீங்களாப்பா?"

"நான்... குடிக்கல. அவன்." இடது கை மெல்ல உயர்ந்து பக்கத்துக் கட்டிலைக் காட்டியது.

அந்தக் கட்டிலில் யாரும் இல்லை. உறையில்லாத மெத்தை மட்டும் கிடந்தது.

அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் மனம் கேட்கவில்லை. மேசையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, டம்ளரைத் தளும்ப நிரப்பிவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். மதியம் இரண்டு வரை அவளுக்கு நேரமிருந்தது.

வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. மின்விசிறி சுற்றியது. அப்பா கண்ணயர்ந்தார். கீழே எங்கோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டு, அதுவும் அடங்கியது.

கிரீச்.

மேசையின் கால் தரையில் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கிரீச்.

பக்கத்துக் கட்டிலின் மெத்தை, யாரோ ஓரமாக எழுந்து உட்கார்ந்தது போல நடுவில் அமுங்கியது. வறண்ட நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது.

டம்ளரில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

கால் பங்கு. அரை. அடி.

அவள் அலறிக்கொண்டு நடைபாதைக்கு ஓடி வந்தபோது, படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்த பணிப்பெண் தலை நிமிரவில்லை.

"கத்தாதீங்கக்கா." குரல் இறங்கியது. "அந்தக் கட்டில்ல ஒருத்தர் இருந்தாரு. எந்திரிக்க முடியாது. மூணு நாளா தண்ணி தண்ணின்னாரு. டம்ளரை ஜன்னலோரம் வெச்சுட்டு அடுத்த ரூமுக்கு ஓடிட்டோம். நாலாம் நாள் போயிட்டாரு. அட்டையில எட்டு டம்ளர் குடிச்சாருன்னு எழுதியிருக்கு."

"யாரு எழுதினது?"

விரிப்பின் மடிப்பு கலைந்தது. "நானும்தான்."

அவள் நேரே கீழே இறங்கிச் சொன்னாள். மேற்பார்வையாளர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "பேயாம்மா? புகார்ப் படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே."

திரும்ப மாடியேறும்போது அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. குழாயடியில் ஒரு ஜக்கை நிரப்பி, காலிக் கட்டிலின் முன்னால் போய் நின்றாள்.

"வேணும்னா என்கிட்ட கேளுங்க. எங்கப்பா தண்ணிய எடுக்காதீங்க. அவரும் உங்கள மாதிரிதான் கெடக்காரு."

டம்ளரை நிரப்பி நீட்டினாள். இடது கையைத் தாங்கலாக வைத்தாள், அப்பாவுக்கு வைப்பது போல.

உள்ளங்கையில் ஒரு தலையின் பாரம் வந்து சாய்ந்தது.

சில்லென்று இருந்தது. வாரப்படாத முரட்டு முடி விரல்களில் குத்தியது. அவள் கையை எடுக்கவில்லை. ஒரு டம்ளர். இரண்டு. மூன்று. ஒவ்வொரு மிடறும் உள்ளங்கையில் அதிர்ந்தது. எட்டாவது டம்ளர் காலியானதும் பாரம் மெல்ல விலகியது.

பிறகு அப்பாவுக்காக நிரப்பி வைத்த டம்ளர் அன்று அப்படியே இருந்தது. விழித்ததும் அவரே இடது கையால் எடுத்துக் குடித்தார்.

இல்லத்தின் உரிமையாளருக்கு அவள் நாலு பக்கம் எழுதினாள். இரண்டே வரியில் பதில் வந்தது: பதிவேடுகளைச் சரிபார்த்தோம், அனைவரும் போதுமான அளவு தண்ணீர் குடித்து வருகிறார்கள். அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, தரைத்தளத்தில் ஒரு வீடு தேடினாள். கிடைக்கும்வரை பதினோரு நாள், தினமும் இரண்டு பேருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு அப்பாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா தேறி வந்தார், உதடு ஆறியது. பகலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, பள்ளி விடும் நேரத்துக்காக வேனில் காத்திருந்தபோது போன் வந்தது. பணிப்பெண்தான் பேசினாள்.

"அக்கா, நான் இப்ப பொய் எழுதறதில்ல. கையில குடுத்துட்டுத்தான் எழுதறேன். அவருக்கும் குடுக்கறேன்."

"நல்லது. எதுக்கு அழற?"

"கூட இருந்தவ வேலைய விட்டுட்டா. வேற ஆள் போடல. முப்பது பேருக்கு நான் ஒருத்தி." மூச்சு வாங்கினாள். "இந்த வாரம் நாலு கட்டில் காலியாயிடுச்சுக்கா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

பணிப்பெண்ணின் விசும்பலுக்குப் பின்னால், நடைபாதையின் இரு பக்கத்திலிருந்தும், ஒன்றன்பின் ஒன்றாக மேசைகள் நகரும் சத்தம் கேட்டது.