அம்மா பேசாத மூன்று வாரம்

காலை ஆறு மணிக்கெல்லாம் கெத்சியாளின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துவிடுவார்கள். அது குடும்ப ஜெபத்துக்கான பாய். முதலில் ஒரு பாட்டு. பிறகு வேத வாசிப்பு. அதன்பின் வயதில் சின்னவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக ஜெபம் செய்ய வேண்டும்.

ஆறு வயது ஒபேத்துதான் முதல் ஆள். அவன் அக்கா கெத்சியாளுக்குப் பத்து வயது. அவள் இரண்டாவது. பிறகு அம்மா எப்சிபா. கடைசியில் அப்பா விமல்ராஜ் சுருக்கமாக முடித்துவிட்டு, ஆட்டோவை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவார்.

பாட்டை எப்போதும் அம்மாதான் தொடங்குவாள். அப்பா தொடங்கினால் ஆட்டோ ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்று முரண்டு பிடிப்பது போல இருக்கும். அம்மாவே அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஒன்பது மணிக்கு அதே பாயில் பள்ளிக்கூடம். ஒபேத்துக்குச் சின்ன வயதில் அடிக்கடி மூச்சு இழுக்கும். எல்.கே.ஜி.யில் சேர்த்த வருடம் அவன் பள்ளிக்குப் போன நாளைவிட ஆஸ்பத்திரிக்குப் போன நாள்தான் ஜாஸ்தி. அம்மா கல்யாணத்துக்கு முன்பு கீழ்பென்னாத்தூரில் டீச்சராக இருந்தவள். "உடம்பு தேறட்டும். அதுவரைக்கும் நானே வீட்டுல சொல்லித் தர்றேன்" என்று சொல்லிவிட்டாள். "அக்கா மட்டும் ஸ்கூலுக்குப் போனா நானும் போவேன்" என்று ஒபேத் அழுது புரண்டதால், கெத்சியாளும் வீட்டுப் பள்ளிக்கூடத்தின் மாணவி ஆனாள்.

தமிழ், கணக்கு, இங்கிலீஷ். பதினொரு மணிக்குக் கேழ்வரகுக் கஞ்சி. மத்தியானம் அம்மா கதை வாசிப்பாள். அவள் வாசித்தால் புலி உறுமும், கிழவர் இருமுவார், மழைகூடப் பெய்யும். எல்லாம் அந்த ஒரே குரலில்.

பிப்ரவரி மாதத்தில் அந்தக் குரல் போய்விட்டது.

அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. அதை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டி, குரலுக்குப் போகும் நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். "குரல் திரும்பினாலும் திரும்பலாம். எப்போன்னு இப்பவே சொல்ல முடியாது" என்று டாக்டர் சொன்னதாக அப்பா சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் வழக்கம்போலப் பாய் விரித்தார்கள். கழுத்தில் வெள்ளைக் கட்டோடு அம்மா வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் மூச்சை இழுத்துப் பாட்டைத் தொடங்கினாள்.

ஓட்டைக் குழாயில் காற்று போவது போல ஒரு சத்தம் வந்தது. நடுவில் அது இரண்டாகக் கிழிந்தது.

ஒபேத் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து பின்கட்டுக்கு ஓடிவிட்டான்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் ஒபேத்தின் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். ஒரு வாரம் சிலேட்டிலேயே பாடம் நடந்தது. பிறகு அதுவும் நின்றது. ஒன்பது மணிக்குப் பாய் சுருட்டியபடியே மூலையில் சாய்ந்திருந்தது.

"ஜூன்ல ரெண்டு பேரையும் ஸ்கூல்ல சேத்துடலாம்னு இருக்கேன்" என்று ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "ஒபேத்துக்கு இப்ப இழுப்பு கம்மியாயிடுச்சு இல்ல?"

அம்மா தலையை ஆட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

கெத்சியாளுக்கு அம்மாவைப் பார்த்தாலும் கஷ்டமாக இருந்தது, தம்பியைப் பார்த்தாலும் கஷ்டமாக இருந்தது. ஒபேத் மாறிப்போயிருந்தான். காம்பவுண்டுச் சுவரில் மயில் வந்து உட்கார்ந்தால்கூட விரட்ட ஓடுவதில்லை. காலை ஜெபத்தில் அவன் முறை வந்தால், "நான் மனசுக்குள்ள பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வான்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுத் திரௌபதி அக்கா வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்தாள். அவள் வீட்டில் பூக் கட்டிக் கோயில் வாசலில் விற்பவள்.

"கவலைப்படாதீங்க கண்ணுங்களா. உங்க சாமிகிட்ட நல்லா கேளுங்க" என்றாள் அவள். "சின்னப் புள்ளைங்க எது கேட்டாலும் சாமி உடனே குடுத்துடும்."

ஒபேத் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். அவன் உதடு வெளுத்துப்போனது. எழுந்து போனான்.

"ஏன், உப்பு ஜாஸ்தியா?" என்று திரௌபதி அக்கா கவலையோடு கேட்டாள்.

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கெத்சியாள் தம்பியைத் தேடிப் போனாள்.

அவன் துணி துவைக்கும் கல்லின் மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். பக்கம் முழுவதும் 'ற', 'ற', 'ற'. பக்கத்தைத் திருப்பினாள். அங்கேயும் 'ற'. பதினோரு பக்கங்கள் இருந்தன.

"யாருடா எழுதச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் ஏன் எழுதற?"

அவன் பென்சிலை இன்னும் இறுக்கிப் பிடித்தான். கெத்சியாள் கல்லின் மறுபக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவசரப்படவில்லை. பென்சில் முனை உடைந்த பிறகு அவனே பேசினான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்."

"அம்மாகிட்டயும்."

"சரி."

"பொங்கலுக்கு முன்னாடி எனக்கு 'ற' வரல இல்ல, 'ர'வையே எழுதிட்டிருந்தேன் இல்ல? அம்மா ரொம்பத் திட்டிட்டாங்க. அன்னைக்கு ஜெபத்துல…" அவன் குரல் உள்ளே போனது. "மனசுக்குள்ள கேட்டேன். இயேசப்பா, அம்மா என்னைத் திட்டவே கூடாதுன்னு."

கெத்சியாள் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவரு குடுத்துட்டாரு" என்றான் ஒபேத். கண்ணீர் 'ற'வின் மேல் சொட்டியது.

'போடா லூசு' என்று அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் அவன் மூன்று வாரமாக இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான் என்பது நினைவுக்கு வந்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

"நான் சைக்கிள் வேணும்னு ரெண்டு வருஷமாக் கேக்கறேன்டா. ஒரு பெல்லுகூட வரல" என்றாள். "உன்னோடது மட்டும் ஒரே மாசத்துல வந்துடுமா?"

ஒபேத் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நீ அழுதுகிட்டே கேட்டிருக்கமாட்ட. நான் அழுதுகிட்டே கேட்டேன்."



"அம்மாகிட்ட நீயே சொல்லிடேன்" என்றாள்.

"மாட்டேன். அம்மா அழுவாங்க."

அன்று இரவு முழுவதும் கெத்சியாள் அதையே யோசித்தாள். கொடுத்த வாக்கை மீற முடியாது. ஆனால் வேறு ஒன்றைக் கேட்கலாமே என்று தோன்றியது. மறுநாள் அம்மா மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அவளும் போனாள்.

"அம்மா, டாக்டர் உன்னை மெதுவாப் பேசச் சொன்னாரு இல்ல? பேசிப் பழகினாத்தான் குரல் வரும்னாரு. அப்பாதான் சொன்னாரு. நீ ஏன் பேசவே மாட்டேன்ற?"

அம்மா துணியை உதறினாள். கெத்சியாள் சிலேட்டை நீட்டினாள். அம்மா துணியைக் கொடியில் போட்டுவிட்டு அதை வாங்கினாள். பிறகு எழுதினாள்.

'ஒபேத் பயப்படுறான். என் சத்தம் கேட்டுக் காதைப் பொத்திக்கிட்டு ஓடினான்.'

எழுதியதை உடனே முந்தானையால் துடைத்துவிட்டாள்.

கெத்சியாளுக்கு இப்போது இரண்டு பக்கமும் தெரிந்துவிட்டது. அம்மா அவனுக்காகப் பேசாமல் இருக்கிறாள். அம்மா பேசாததைப் பார்த்து அவன் இன்னும் குன்றிப்போகிறான். ஆனால் இதை அவனிடம் எப்படிச் சொல்வது? 'நீ ஓடினதாலதான் அம்மா பேசல' என்று சொன்னால், அவன் தலையில் இன்னொரு மூட்டையைத் தூக்கி வைத்தது போலாகும்.

படிக்கட்டில் உட்கார்ந்து நான்கைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தம்பியிடம் போனாள்.

"ஒபேத், அம்மாகிட்ட இன்னும் கொஞ்சம் குரல் மிச்சம் இருக்கு."

அவன் நிமிர்ந்தான்.

"உனக்குப் பயமா இருக்கும்னு நினைச்சுத்தான் அதை வெளியே விடாம வெச்சிருக்காங்க. உனக்கு அந்தச் சத்தம் பயமா?"

"இல்ல" என்றான் அவன். "என்னாலதான் ஆச்சுன்னுதான் பயம்."

"அதைச் சொன்னா அம்மா பேசுவாங்க. அதை நான் சொல்ல முடியாது. நீதான் சொல்லணும்."

"நீயும் வரியா?"

"வரேன்."

அம்மா சமையலறையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஒபேத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். 'ற' பற்றி, திட்டு வாங்கியது பற்றி, மனசுக்குள் கேட்டது பற்றி. கெத்சியாள் கதவோரம் நின்றாள்.

அம்மாவின் கையிலிருந்து கடலை உருண்டது. சிலேட்டு பக்கத்திலேயே இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

"இங்க வா" என்றாள்.

அதே ஓட்டைக் குழாய்ச் சத்தம்தான். ஒபேத்தின் கைகள் காதுவரை போயின. ஆனால் காதைப் பொத்தவில்லை. திரும்பி வந்து அம்மாவின் முழங்காலோரம் உட்கார்ந்தான்.

அம்மா அலமாரியைக் காட்டினாள். கெத்சியாள் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக் கொடுத்தாள். அம்மா அதில் முதல் தாளைப் பிரித்து, மேலே இருந்த தேதியில் விரலை வைத்தாள்.

"படி."

"பன்னெண்டு… ஆகஸ்ட்."

"கட்டி இருக்குன்னு… அன்னைக்குத்தான் சொன்னாங்க. நீ எப்ப ஜெபம் பண்ண?"

"ஜனவரி." அவன் விரல்களை மடக்கி எண்ணினான். முகம் வாடிவிட்டது. "ஜனவரிதானே மொதல்ல வரும்?"

கெத்சியாளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "அது போன வருஷத்து ஆகஸ்ட்டுடா."

"அப்ப உனக்கு…" அம்மா மூச்சு வாங்கினாள், "முன்பல்லு ரெண்டும் இருந்துச்சு."

ஒபேத் நாக்கால் பல் விழுந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தான். பல் விழுந்தது கிறிஸ்மஸுக்கு. கட்டி அதற்கும் முன்னால். அதை அவனால் மறுக்க முடியவில்லை.

"ஆனா குரல் அப்புறம்தானே போச்சு?" என்றான் மெல்ல.

அம்மா அவனை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "அது ஏன் போச்சுன்னு… எனக்கே தெரியல கண்ணு. நீ கேட்டதால போகல. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

"திரும்ப வருமா?"

"தெரியல."

அதைச் சொன்னதும் அம்மா அழுதாள். ஆபரேஷனுக்குப் பிறகு பிள்ளைகள் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. ஒபேத்தும் அழுதான். கெத்சியாள் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் அழக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். முடியவில்லை.

அப்பா சாப்பிட வந்தபோது உள்ளே அம்மாவின் கரகரப்பு கேட்டது. அவர் செருப்பைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றார். வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

மறுநாள் காலை பாட்டைக் கெத்சியாள் தொடங்கினாள். பாதியில் சுருதி எங்கேயோ போய்விட்டது. அப்பா வேறு சேர்ந்துகொண்டு அதை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோனார். அம்மா உதட்டை மட்டும் அசைத்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் ஒபேத் மனசுக்குள் இல்லாமல், சத்தமாகவே ஜெபம் செய்தான். நீளமாகச் செய்தான். பூரி வேண்டும் என்றுகூடக் கேட்டான்.

மே மாதம் டாக்டர் அம்மாவை மறுபடி பார்த்தார். பேசலாம், ஆனால் கொஞ்ச நேரம்தான். உரக்கப் பேசக் கூடாது. பாட்டு வருமா என்று அப்பா கேட்டதற்கு டாக்டர், "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்த இனி அவளால் முடியாது. அப்பா சொன்னபடியே ஜூனில் இரண்டு பேரையும் பள்ளியில் சேர்த்தார்கள். மத்தியானக் கதையை இப்போது சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார்கள். கெத்சியாள் வாசிப்பாள். புலி வரும் இடத்தில் மட்டும் அம்மா உறுமுவாள். முன்பு வந்த புலியைவிட இது கொஞ்சம் கிழட்டுப் புலி.

முதல் நாள் காலையில் புதுச் சீருடை போட்டுக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சந்தில் கொஞ்ச தூரம் போனதும் ஒபேத் நின்று திரும்பிப் பார்த்தான். கையை ஆட்டினான். இன்னும் பத்து அடி நடந்து மறுபடி திரும்பினான். அதற்குப் பிறகும் திரும்பினான்.

"மணி ஆச்சுடா. எதுக்கு இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்கற?" என்று கெத்சியாள் அவன் பையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா ஒருவேளை கூப்பிட்டா?" என்றான் ஒபேத். "இவ்ளோ தூரம் கேக்காது இல்ல? அதான் பாத்துக்கிறேன்."

கெத்சியாள் பையை விட்டுவிட்டாள். செங்கம் ரோடு வரும்வரை பத்து அடிக்கு ஒருமுறை இரண்டு பேரும் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.