துணையில்லாச் சினை

அந்தத் தொட்டியில் அது ஒன்றுதான் இருந்தது. அவளுடைய வண்ணமீன் கடைக்கு வந்த நாளிலிருந்தே தனியாகத்தான் இருந்தது. அப்படியிருக்க, ஒரு காலை, கண்ணாடியின் உள்பக்கத்தில் படிந்த பாசியைத் துடைக்கக் கையை விட்டவள், அது கல்லிடுக்கில் ஒதுங்கி வாலைச் சுருட்டி வைத்திருப்பதையும், அந்த வாலுக்கு அடியில் மிளகைக் கொத்துக் கொத்தாக ஒட்டினதுபோல முட்டைகள் தொங்குவதையும் பார்த்தாள். கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. அது தன் சின்னக் கால்களால் அந்த முட்டைகளை மெல்ல விசிறிக்கொண்டிருந்தது, தொட்டிலை ஆட்டுவதுபோல.

விரல் நீளம்தான். நண்டின் கொடுக்கு, இறாலின் வால், முதுகில் பளிங்குக் கல்லில் ஓடுகிற மாதிரிக் கோடுகள். சீமை இறால் என்று சொல்லி, வண்ணமீன்களைக் கொண்டுவந்து இறக்கும் மொத்த வியாபாரி அழகுக்காகக் கொடுத்துவிட்டுப் போனது. அடுத்த தடவை அவர் வந்தபோது அவள் தொட்டியைக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாப்பிள்ளை யாருன்னு கேக்காதீங்கம்மா. இந்த இனத்துல மாப்பிள்ளையே கிடையாது. தானே சினையாகும், தானே பொரிக்கும். பொரிக்கிறது அத்தனையும் பொண்ணு. அத்தனையும் அச்சு அசல் தாய்தான். ஒரே உசுரை ஆயிரமாப் பிச்சுப் போட்ட மாதிரி."

"இப்படியும் உண்டா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும். தெரிஞ்சிருந்தா உங்ககிட்டக் கொடுத்திருக்க மாட்டேன்." சிரிப்பு குறைந்தது. "வெளியில மட்டும் விட்டுடாதீங்க. ஒண்ணு போதும், குளமே போச்சு. செடியத் தின்னும், மீன் முட்டையத் தின்னும், செத்ததத் தின்னும், ஒண்ணும் கிடைக்கலேன்னா சேத்தைத் தின்னும். தண்ணிய வத்த விட்டாலும் சாகாது, கரையைக் குடைஞ்சு ஈரத்துல உக்காந்துக்கும். கொதிக்கிற தண்ணிய ஊத்திடுங்க. பாவம் பார்க்காதீங்க."

அவர் போனபிறகு அவள் பின்னறையில் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அது கொதித்துப் பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். குளம் என்ற சொல் காதுக்குள் போனது போனபடியே இருந்தது.

அவளுடைய கணவன் குளத்தில் செத்தவன். அவனும் அவன் அண்ணனும் சேர்ந்து நடத்திய மீன்பண்ணை அது. தண்ணீரைக் கலக்கிவிடும் மோட்டாரைச் சரிசெய்ய இறங்கினவன், மின்சாரம் பாய்ந்து அங்கேயே விழுந்தான். அந்த மோட்டாரின் ஒயர் பிய்ந்துகிடந்ததை அவன் முன்பே அவளிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறான். ஆனால் விசாரிக்க வந்த போலீசிடமும், சாவுக்கு வந்தவர்களிடமும், பிறகு எதிர்ப்பட்ட எல்லோரிடமும் பண்ணைக்கார அண்ணன் சொன்னது ஒன்றேதான்: "தம்பி குடிச்சிருந்தான். சொன்னாக் கேட்டாத்தானே." இருமல் மருந்தைக் குடிக்கவே முகத்தைச் சுளிக்கிறவன் அவன். செத்தவன் எழுந்துவந்து வாயை ஊதிக்காட்டவா முடியும்? ஊர் நம்பியது. கடைக்கு மீன் வாங்க வருகிறவர்கள்கூட, பாவம் குடிகாரன் பொண்டாட்டி என்கிற கண்ணோடு அவளைப் பார்த்தார்கள்.

அவள் அடுப்பை அணைத்தாள். கொதித்த தண்ணீர் அப்படியே ஆறியது.

ஒரு பிற்பகலில், மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பண்ணை வீட்டுக்குப் போனாள். வீடு குளத்தின் கரைமேலேயே இருந்தது. பண்ணைக்கார அண்ணனின் மனைவி, அவளுடைய ஓரகத்தி, வாசலுக்கு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் அவளிடம் அன்பாக இருந்தது ஓரகத்தி ஒருத்திதான்.

"இளைச்சுட்டியேடி. உள்ள வா."

"கொஞ்ச நேரம் குளத்துப் பக்கம் நின்னுட்டு வரேன்க்கா."

அழத்தான் போகிறாள் என்று நினைத்து ஓரகத்தி தலையசைத்தாள். தண்ணீரோரம் குந்தி அவள் டப்பாவைத் திறந்தாள். எடுத்துவிடப்போன விரலை அது கொடுக்கால் கவ்வியது. வலி சுருக்கென்று ஏறியது. ஒரு சொட்டு ரத்தம் தண்ணீரில் நூலாய்க் கரைந்தது. அது விடவில்லை. ஏதோ கேட்கக் காத்திருப்பதுபோல விரலிலேயே தொங்கியது.

"போ," என்றாள். "இந்தப் பண்ணைக்காரனுக்குன்னு ஒண்ணையும் மிச்சம் வைக்காதே."

பிடி தளர்ந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ய எதுவும் இருக்கவில்லை. செய்தி தானாக வந்தது. முதலில் குளத்துச் செடிகள் காணாமல்போயின. பிறகு தண்ணீர் தேநீர் நிறத்துக்குக் கலங்கியது. விட்ட மீன்குஞ்சுகள் வளரவேயில்லை; வலையைப் போட்டால் வலைதான் கிழிந்து வந்தது. பண்ணைக்காரர் குளத்தை வற்றவைத்துச் சுண்ணாம்பு கொட்டினார். வெடித்த சேற்றில் ஒன்றுமில்லை. மழை பெய்து தண்ணீர் நின்றதும் கரையிலிருந்த ஓட்டைகளிலிருந்து அத்தனையும் இறங்கிவந்தன. ஒவ்வொரு செய்தியையும் அவள் வாயில் அடக்கிய கற்கண்டுபோல மெதுவாகக் கரைத்துச் சுவைத்தாள். அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினாள்.

ஒருநாள் அவரே கடைக்கு வந்தார். கையில் வாளி. கன்னம் ஒட்டியிருந்தது.

"மீன் விக்கிறவ நீ. இது என்னன்னு உனக்குத் தெரியுமான்னு பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். வாளி நிறைய அதே கோடுகள், அதே கொடுக்கு. பல என்று தோன்றவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்ப்பதுபோலிருந்தது.

"தெரியலையே மாமா."

"ஒரு பூச்சி மருந்துக்கும் சாகலை. வீட்டுக்கு அடியில குடைஞ்சு போகுது. படுத்தாச் சத்தம் கேக்குது." சட்டென்று நிறுத்தினார். "இதென்ன, எல்லாம் ஒரே பக்கமா வருது?"

வாளிக்குள் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அவள் நின்ற பக்கமாகக் குவிந்திருந்தன. மீசைகள் எல்லாம் வாளி விளிம்புக்குமேல் நீண்டு அவளை நோக்கி மெல்ல அசைந்தன. அவள் மேசையின் மறுமுனைக்கு நகர்ந்தாள். வாளிக்குள் சரசரவென்று ஒரு சத்தம். குவியல் அந்தப் பக்கம் மாறியது.

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

மழைக்காலம் வந்தது. விடாமல் பெய்தது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டில், போன் அடித்தது. ஓரகத்தி.

"கரை உடைஞ்சு போச்சுடி." குரலில் அழுகைகூட இல்லை. "காலையில வீட்டுப் பின்பக்கம் அப்படியே உக்காந்துருச்சு. அவரு அங்கதான் படுத்திருந்தாரு."

"மாமா..."

"இப்பத்தான் எடுத்தாங்க. சட்டையை வச்சுத்தான் அவருன்னு சொன்னாங்க. சட்டைக்குள்ள ஒண்ணுமே மிச்சமில்லடி. எலும்பு கழுவி வச்ச மாதிரி இருக்கு."

மிச்சமில்லை. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இந்தச் செய்திக்காக எத்தனை நாள் காத்திருந்தாள். இப்போது நாக்கில் சேற்றின் ருசிதான் இருந்தது.

"குளத்துல ஒரு இறால்கூட இல்ல," என்றாள் ஓரகத்தி. "எல்லாம் ரோட்டுல ஏறிப் போயிருச்சாம். பார்த்தவங்க சொல்றாங்க. கீழ, உங்க தெருப் பக்கம்." ஒரு மூச்சு. "நான் அங்க வரேன். எனக்கு வேற யாரு இருக்கா? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், இத்தனை நாள் நெஞ்சுக்குள்ளயே வச்சிருந்தேன்."

"வேணாங்க்கா, நீங்க அங்கயே..."

போன் அணைந்துவிட்டது. அதோடு மின்சாரமும் போனது.

கடை நிறையத் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் இரவும் பகலும் காற்றுக்குமிழி ஓடும். அந்தக் களகளப்பில்தான் அவள் இத்தனை வருடம் வாழ்ந்திருந்தாள், அது இருப்பதே காதுக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொன்றாக நின்றது. மழைச்சத்தம் மட்டும் மிஞ்சியது. தகரக் கூரையில் ஒரே சீராக விழும் மழை. ஓடையில் பாயும் தண்ணீர். அப்புறம், அதற்கு அடியில், உலர்ந்த விரல்நகங்களால் யாரோ சிமெண்டைத் தட்டுவதுபோல ஒரு சத்தம். தட்டுவது ஒருவரல்ல. ஒரு தெருவே தட்டியது.

ஷட்டரை இறக்க ஓடினாள். துருப்பிடித்த ஷட்டர் முக்கால்வாசியில் நின்றுவிட்டது. தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை. முழங்காலளவு இடைவெளியில் தெருவின் சாம்பல் வெளிச்சம். குளத்துச் சேற்றின் வாடை உள்ளே வந்தது, கணவனைக் கொண்டுவந்து கிடத்திய நாளில் அவன் சட்டையிலிருந்து வந்த அதே வாடை.

வெளியே தண்ணீர் ஓடுகிறது என்று முதலில் நினைத்தாள். தண்ணீர் அப்படி ஓடாது. மேட்டில் ஏறாது. படியில் ஏறாது.

ஏறியது.

பின்வாங்கினாள். முதுகு சுவரில் முட்டியது. தொட்டி மீன்கள் எல்லாம் மூலையில் ஒதுங்கின. தரை முழுக்க அவை. பளிங்குக் கோடுகள். ஒரே உசுர். அவள் காலடிக்கு வந்ததும் நின்றன.

ஒன்று பாதத்தில் ஏறியது.

ஈரமான சின்னக் கால்கள் கணுக்காலில், முழங்காலில், புடவை மடிப்பில். இன்னொன்று. இன்னும் பத்து. கவ்வப்போகிறது என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். எதுவும் கவ்வவில்லை. எதுவும் கிழிக்கவில்லை. வயிற்றில், விலாவில், அக்குளுக்கு அடியில், இடம் பார்த்து, இறுக்காமல் பிடித்துக்கொண்டு தொங்கின. அசையாமல். நிம்மதியாக.

பொரித்த குஞ்சுகள் பயந்தால் எங்கே போகும் என்று அந்த வியாபாரி சொல்லவில்லை. இப்போது அவளாகவே தெரிந்துகொண்டாள். அன்று ஒரு சொட்டு ரத்தம் கொடுத்து அனுப்பிய தாயிடம் அவை வந்திருந்தன. கனம் தாங்காமல் தோள் சரிந்தது. அழுகை வந்தது. அவள் கையை ஓங்கக்கூட இல்லை.

"போயிடுங்க," என்றாள் மெதுவாக. "வேலை முடிஞ்சுது. போயிடுங்க."

அவை போகவில்லை.

தெருவில் செருப்புச் சத்தம்.

"ஏய், உள்ள இருக்கியாடி?"

"வராதீங்கக்கா. அங்கயே நில்லுங்க."

ஷட்டருக்கு வெளியே நனைந்த புடவை விளிம்பும் இரண்டு பாதங்களும் தெரிந்தன. ஓரகத்தி உள்ளே வரவில்லை. ஷட்டர் தகட்டில் நெற்றியைச் சாய்த்தது மட்டும் கேட்டது.

"சரி, இங்கயே நின்னு சொல்லிடறேன். உன் மூஞ்சியப் பார்த்தா எனக்கு வாய் வராது. அந்த ஒயர் ஒரு மாசமாப் பிஞ்சு கிடந்துச்சு. உன் வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டே இருந்தாரு. இவரு காதுல வாங்கல."

"தெரியுங்க்கா. அதான் முடிஞ்சு போச்சே. நீங்க வீட்டுக்குப் போங்க."

"முழுசாக் கேளு." மூக்கை உறிஞ்சும் சத்தம். "இவரு அன்னிக்கு உண்மையச் சொல்லிடறேன்னு தான் கிளம்பினாரு. என் தப்புன்னு போலீஸ்ல சொல்லிடறேன்னு அழுதாரு. நான்தான் விடல. நீ ஜெயிலுக்குப் போயிட்டா நான் என்ன பண்றதுன்னு காலைக் கட்டிக்கிட்டேன். குடிச்சிருந்தான்னு சொல்லிடு, செத்தவனுக்கு என்ன போச்சுன்னு... நான்தாண்டி சொன்னேன்."

மழை பெய்துகொண்டிருந்தது.

அவள் எதுவும் நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். கட்டிக்கொண்ட கைகளை நினைக்கக் கூடாது. இளைச்சுட்டியேடி என்ற குரலை. செத்தவனுக்கு என்ன போச்சு. கண்ணை இறுக மூடினாள். "மன்னிச்சுட்டேங்க்கா," என்றாள் சத்தமாக. "மன்னிச்சுட்டேன். ஓடுங்க." வாய் சொன்னது. அடிவயிற்றிலிருந்து வேறொன்று கொதித்து ஏறியது, நெஞ்சுக்கு, கழுத்துக்கு, உள்ளங்கை வேர்வைக்கு. அடக்கிப் பார்த்தாள். அது அடங்குகிற கோபமில்லை.

நெஞ்சில் தொங்கிய மிகச் சிறியதுதான் முதலில் பிடியை விட்டது.

பிறகு விலாவில் இருந்தவை. அக்குளில் இருந்தவை. ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல். உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. அவற்றைப் பிடித்து நிறுத்தக் கைகளால் மார்போடு அணைத்தாள். விரலிடுக்கில் வழுக்கிப் போயின.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னியா?" ஓரகத்தியின் குரல் உடைந்தது. "நீ நல்லா இருக்கணும்டி."

பாதங்கள் முன்னால் வந்தன. முழங்கால் ஈரத் தரையில் ஊன்றியது. உள்ளங்கை ஊன்றியது. ஷட்டருக்கு அடியில் புகுந்துவர, ஓரகத்தி தலையைத் தாழ்த்தித் தரையோடு தரையாகக் குனிந்தாள். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அழுத முகத்தில் லேசான சிரிப்பு.

"ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு? எங்கடி இருக்க?"

கடை முழுக்க, தரை முழுக்க, மீசைகள் எல்லாம் அந்த முகத்தின் பக்கம் திரும்பியிருந்தன.